ஏற்காட்டின் மண்பாதைகளில் சைக்கிள்: எந்தப் பாதை, எந்தக் காலம், யாரிடம் கேட்பது?

நொய்யல்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் பள்ளி ஆசிரியை. என் தம்பியும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசி, சேவூர் பக்கத்துக் கிராமச் சாலைகளிலும் வாய்க்கால் மேடுகளிலும் மவுண்டன் பைக் ஓட்டி வருகிறோம். சமதரையில் நன்றாகப் பழகிவிட்டது. இனி மலையில் ஓட்ட வேண்டும் என்று இருவருக்கும் தீராத ஆசை. பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசியில் மூன்று நாள் ஏற்காட்டில் தங்குவதாகத் திட்டம்.

ஏரியும் படகும் எங்களுக்கு வேண்டாம். காபித் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு மலையூரிலிருந்து இன்னொரு மலையூருக்குப் போகும் மண்பாதைகளில் ஓட்ட வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் சேர்வராயன் மலை முழுவதும் கோடு கோடாகப் பாதைகள் தெரிகின்றன. அவற்றில் எது ஊர்ப் பொதுவழி, எது தனியார் தோட்டம், எது காப்புக்காடு என்று படத்தை வைத்து எங்களால் பிரித்தறிய முடியவில்லை. கேட்காமல் நுழைந்து யாருக்கும் தொல்லையாக இருக்கவும் விருப்பமில்லை.

வண்டிகளைப் பற்றி: இரண்டும் 29 அங்குலச் சக்கரம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், டியூப் போட்ட 2.1 அங்குல டயர். என்னுடையதில் எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். தம்பியுடையதில் கம்பியில் இயங்கும் டிஸ்க் பிரேக். சென்ற மாதம் சென்னிமலைக் கோயிலுக்குப் போய் மலைச்சாலையில் இறங்கும்போது தம்பியின் பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. பிடியை அழுத்தினால் ஹேண்டில்பார் வரை வந்து தொட்டது. கடையில் காட்டினோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சென்னிமலையைவிடப் பல மடங்கு நீளமான இறக்கத்தில் இதை நம்பலாமா?

அடிவாரம் வழியாக ஏறுவதா, குப்பனூர் வழியாக ஏறுவதா, காரில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுவதா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டிக்காரன் எழுதிய பதில்:

வணக்கம் சகோதரி. சேலம் அஸ்தம்பட்டியில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக்கு ஏறப் போகிறவர்களும் அங்கிருந்து இறங்கி வந்தவர்களும் என் கடை வாசலில் நிற்பது வழக்கம். ஏறப் போகிறவர்கள் கியரைப் பற்றிக் கேட்பார்கள். இறங்கி வந்தவர்கள் பிரேக்கைக் காட்டுவார்கள். நீங்கள் மலைக்குப் புறப்படும் முன்பே பிரேக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே இந்தப் பதிலை விரிவாக எழுதுகிறேன்.

தம்பியின் பிரேக்கை இப்போதைய நிலையில் நம்பவே கூடாது. கருகிய வாடை என்றால் டிஸ்க் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் பேட் (தேய்கட்டை) அளவுக்கு மேல் சூடாகி, அதன் முகம் கண்ணாடிபோல் மழமழப்பாகியிருக்கும். அப்படியான பேட் பிடிக்காது. பிடிக்காததால் இன்னும் அழுத்துவோம். அழுத்தினால் இன்னும் சூடாகும். பிடி ஹேண்டில்பாரைத் தொடுவதற்குக் காரணம் வேறு: பேட் தேய்ந்திருக்கும், கம்பியும் நெகிழ்ந்திருக்கும். பல கம்பி டிஸ்க் பிரேக்குகளில் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும். உள்பக்கப் பேடைத் திருகாணியைத் திருப்பி நாமே நெருக்கி வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கடையில் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றி நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். புதுக் கம்பி, புதுப் பேட் இரண்டும் போடுங்கள். உலோகக் கலவைப் பேட் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் வாங்கும் முன் டிஸ்க் தகட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். சில தகடுகள் பிசின் (ரெசின்) கலவையில் செய்த மென்மையான பேடுக்கு மட்டுமே ஏற்றவை. அவற்றில் உலோகப் பேட் போட்டால் தகடு அரித்துப்போகும். முன் தகடு 160 மில்லிமீட்டராக இருந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 180-ஐ ஏற்கும் என்றால் மாற்றிவிடுங்கள். பெரிய தகட்டுக்குப் பிடிப்பும் அதிகம், சூடும் விரைவில் ஆறும். புதுப் பேட் போட்டதும் நேராக மலைக்குப் போகக் கூடாது. சமதரையில் மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டாதபடி அழுத்தி வேகத்தைக் குறைப்பதை இருபது முறையாவது திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகுதான் பேடும் தகடும் ஒன்றோடொன்று படியும்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, இறக்கம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று தடுக்கும் பங்கை விட்டுவிட்டு, அத்தனை ஆற்றலும் பிரேக்கில் வெப்பமாக மாறினால், சாதாரணத் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். அதைத் தாங்க வேண்டியவை உள்ளங்கை அகலத் தகடுகள் இரண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் வட்டத்தில், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களோடு ஒரு மண்மலைச் சரிவில் முதல் இறக்கப் போட்டி நடத்தினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவர்களுடையது. ஓர் இறக்கம் முடிவதற்குள் சக்கர அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். இன்றைய மவுண்டன் பைக் வளர்ந்ததில் அந்தச் சரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் கையில் இருக்கும் டிஸ்க் பிரேக் வரை வந்து சேர்ந்த மேம்பாடுகளில் சில, அந்தச் சூட்டைச் சமாளிக்க வந்தவைதான்.

உங்கள் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஓர் எச்சரிக்கை. காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவையுங்கள். தகடு இல்லாத நேரத்தில் யாராவது பிடியை அழுத்திவிட்டால் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். மேலே போய்ச் சக்கரத்தை மாட்ட இடம் இருக்காது.

இனி பாதை. முதல் நாள் காரிலேயே மேலே போய்விடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறிப் படம் எடுத்துப் போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு; நல்ல ஆசைதான். ஆனால் நீங்கள் தேடுவது மேலே இருக்கிறது. சாலை ஏற்றத்திலேயே கால்களைத் தீர்த்துவிட்டால் மண்பாதைக்கு மிச்சம் இருக்காது. ஏரியைச் சுற்றியுள்ள கூட்டத்தை விட்டு விலகி, 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையில் முதல் நாள் ஓட்டுங்கள். தார்ச் சாலைதான், ஆனால் சமமாக ஒரு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. ஏறும், இறங்கும், வளையும். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், கீழே காபி. மலை எப்படி அமைந்திருக்கிறது, எந்த ஊர் எந்தச் சரிவில் இருக்கிறது என்பது அந்த ஒரு சுற்றில் மனத்தில் பதிந்துவிடும்.

இரண்டாம் நாள் விடியலில் சேர்வராயன் கோயிலுக்கு ஏறுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல், உச்சி தட்டையாகப் பரந்து கிடக்கும். காலையில் மஞ்சு விலகும்போது அங்கே நிற்க வேண்டும். குகைக்குள் சாமி. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்த மலையே தெய்வம். மேமாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் அங்கே திரளும். அந்தத் தரையில் வண்டியைச் சறுக்கி விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். கோயிலுக்குத் தள்ளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

மண்பாதைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களின் பெயரைச் சொல்லி வழி கேளுங்கள். தேநீர்க் கடையில் கைப்பேசிப் படத்தைக் காட்டி இந்தக் கோட்டில் போகலாமா என்றால் யாருக்கும் புரியாது. நடந்து போகிறவர்கள் இந்த ஊருக்கு எந்த வழியாகப் போவார்கள் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் போகும் வழி, ஆடு மேய்க்கும் வழி, மழையில் அறுந்துபோன வழி எல்லாம் சொல்வார்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே மக்கள் நடந்து பதிந்த வழி பெரும்பாலும் பொதுவழி. கேட் இருந்தால் அது தோட்டம். எல்லைக் கல்லும் வனத்துறைப் பலகையும் இருந்தால் அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது, இறுக வேண்டியதும்தான். 2024-இல் வனத்துறை இணையப் பதிவுக்குத் திறந்த நாற்பது மலைப்பாதைகள் வழிகாட்டியோடு நடந்து போகிறவர்களுக்கானவை. அவற்றில் சைக்கிள் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் அடிவாரம் வழியாக இறங்குங்கள். தம்பி முன்னால் போகட்டும். அவர் பிரேக்கின் வாடை உங்களுக்குத் தெரியும். காரை யாராவது பின்னால் ஓட்டி வந்தால் இன்னும் நல்லது.

மிளகுக்கொடி எழுதிய பதில்:

மேலே அண்ணன் சொன்னதில் தோட்டத்தைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது. நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் வளர்ந்தவள், இப்போதும் அதே தோட்டத்துக் கணக்கு பார்க்கிறேன். மீதியை நான் சொல்கிறேன்.

நீங்கள் வரும் ஜனவரிக் கடைசி எங்களுக்குப் பழம் பறிக்கும் பருவத்தின் கடைக்கூறு. நவம்பரில் தொடங்கினால் செடிக்குச் செடி பழுப்பதற்கு ஏற்ப இரண்டு மூன்று சுற்றுப் பறிப்பு நடக்கும். பறிக்கும் பெண்கள் இடுப்பில் பை கட்டிச் செடிக்குள் நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது. பாதையோரம் சாக்கு, பிள்ளைக்குத் தொட்டில், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் இருக்கும். உங்களுக்கு அது பாதை; அவர்களுக்கு அன்றைய வேலையிடம். வளைவுக்கு முன்னால் மணி அடியுங்கள், நடை வேகத்தில் வாருங்கள், ஆள் தெரிந்தால் இறங்கித் தள்ளுங்கள். மாலையில் எடை போட்டு மூட்டைகளை ஏற்ற ஜீப்போ டிராக்டரோ வரும். அந்தக் குறுகிய பாதையில் அதற்கு ஒதுங்க இடமே இல்லை. எனவே மூன்றரை மணிக்குள் தோட்டத்தை விட்டு வெளியேறிவிடுங்கள்.

அனுமதி கேட்பது கடினம் இல்லை. கேட்டில் நின்று ரைட்டரையோ (தோட்டத்து எழுத்தர்) மேஸ்திரியையோ கேளுங்கள். முதலாளியின் தொலைபேசி எண்ணைத் தேடி அலைய வேண்டாம். அன்றைக்கு எந்தப் பகுதியில் பறிப்பு, எங்கே மருந்தடிப்பு, எங்கே மரம் கழிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். மறுத்தவரிடமே வேறு வழி கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் கேட்டு வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். கேட்காமல் வந்து, காய வைத்திருந்த காபிக் களத்தின் மேல் டயரை ஏற்றிப் போனவர்களும் உண்டு. ஒரு வாரமாக வெயில் பார்த்துப் புரட்டிக் காய வைத்த கொட்டை அது. களத்தை எப்போதும் சுற்றித்தான் போக வேண்டும்.

பாதையை விட்டுச் செடிகளுக்குள் வண்டியைத் திருப்பாதீர்கள். மழைநீரைப் பிடித்து நிறுத்தச் செடி வரிசைகளுக்கு நடுவே நீள நீளமாகக் குழி வெட்டியிருப்போம். சில்வர் ஓக் இலை உதிர்ந்து அதை மூடிக் கிடக்கும். பார்த்தால் சமதரை, முன் சக்கரம் இறங்கினால் ஆள் தலைகுப்புறத்தான். அந்தக் காய்ந்த இலைகள் பாதையிலும் கிடக்கும். ஈரமாக இருந்தால் வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், காய்ந்திருந்தாலும் வழுக்கும். அதன்மேல் முன் பிரேக்கை மெல்லத் தொடுங்கள்.

காலத்தைப் பற்றி: ஜனவரி, பிப்ரவரி நல்ல தேர்வு. மண் காய்ந்து இறுகியிருக்கும், குளிரும் இதமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் பத்து நாளுக்குள் தோட்டம் முழுவதும் வெள்ளையாகக் காபிப் பூ பூக்கும். அந்த வாசனைக்குள் சைக்கிளில் போவதைப்போல் ஒரு சுகம் நான் அறிந்ததில்லை. முடிந்தால் இன்னொரு முறை அதற்காகவே வாருங்கள். மழைக்காலத்தில் மண்பாதைக்கு வர வேண்டாம். ஈர மண்ணில் டயர் போட்ட தடம் அடுத்த மழையில் ஓடையாகும், பிறகு பாதையே அறுந்துவிடும். அதைச் சரிசெய்ய மண் சுமப்பது எங்கள் ஆட்கள்.

காட்டெருமைகள் இருக்கின்றன. அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் தோட்டத்துக்குள் மேயும்.

இருபதாம் வளைவு எழுதிய பதில்:

அஸ்தம்பட்டி அண்ணனின் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசுவது அரிது. ஆனால் காரில் மேலே போய்விடுங்கள் என்பதை ஏற்க மாட்டேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர்தான் ஏறுகிறது. ஒரே சீரான ஏற்றம். முதன்முதலாக மலைக்கு வருகிறவர்கள் தங்கள் மூச்சையும் மிதியையும் இணைத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. கீழே புளியும் மூங்கிலும் புதர்க்காடும். ஏற ஏறக் காற்றில் குளிர் கலக்கும், மரங்கள் மாறும், பறவைக் குரலும் மாறும். காரில் போனால் இவ்வளவும் முக்கால் மணி நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே ஓடிவிடும். மலையை மிதித்து ஏறியவர்களுக்குத்தான் மேலே இருக்கும் பாதைகளின் அருமை தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். காலை ஐந்தரைக்குள் அடிவாரத்தில் இருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல் கார்கள் வரிசையாக வந்துவிடும்.

குப்பனூர் வழியைப் பற்றி யாரும் விளக்கவில்லை. அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து ஏறிக் கொட்டச்சேடு வழியாக மேலே சேரும் சாலை அது. வண்டிகள் குறைவு, அழகும் அதிகம். ஆனால் சாலை குறுகல், சில இடங்களில் ஏற்றம் செங்குத்து. இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு எந்த வழியாக இருந்தாலும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இறங்கும்போது: கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து பஸ் வந்தால் அது சாலையின் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே இடப்பக்கம் நின்றுவிடுங்கள். வளைவுக்குள் போய் நிற்க இடம் தேடாதீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியின் வண்டித் தகட்டைத் துடைத்துப் பார்த்தோம். பிசின் பேடுக்கு மட்டும் என்றுதான் பொறித்திருக்கிறது. கடையில் உலோகப் பேட் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், நல்லவேளை வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். ஏற்றத்தை மிதித்தே ஏறுவது என்று முடிவு; தம்பியின் நண்பர் காரில் பின்னால் வருவார். இன்னும் இரண்டு கேள்விகள். நாங்கள் இருவருமே அறுபது கிலோ அளவில் இருக்கிறோம், டயரில் எவ்வளவு காற்று வைப்பது? காட்டெருமை எதிரில் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

மிளகுக்கொடி எழுதிய பதில்:

அது உங்களைப் பார்க்கும் முன் நீங்கள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏழு மணிக்கு முன்பும் ஐந்து மணிக்குப் பிறகும் தோட்டப் பாதையில் இருக்காதீர்கள். பார்த்துவிட்டால் அங்கேயே நில்லுங்கள். மணி அடிக்கவோ, கத்தவோ, படம் எடுக்க நெருங்கவோ வேண்டாம். வண்டியை உங்களுக்கும் அதற்கும் நடுவே பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் அதுவே செடிக்குள் இறங்கிப் போய்விடும். ஒன்று பாதையைக் கடந்தால் பின்னால் கன்று இருக்கிறதா என்று காத்திருந்து பாருங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போய்விடக் கூடாது. வழி மாறிப் போக வேண்டியிருந்தால் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அந்தப் பக்கம் பறிப்புக்கு ஆள் அனுப்பியிருந்தால் அவர்களையும் எச்சரிக்க வேண்டும்.

அஸ்தம்பட்டிக்காரன் எழுதிய பதில்:

மிதித்து ஏறுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள், மகிழ்ச்சியாகப் போங்கள். அப்படியானால் அன்று மாலை சுற்றுச்சாலையைத் தொட வேண்டாம், மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் எடைக்கு டியூப் டயரில் முன்னால் 28, பின்னால் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டிப் பாருங்கள். தார் ஏற்றத்தில் இன்னும் ஐந்து கூட்டிக்கொண்டால் மிதி இலகுவாகும். மண்பாதைக்கு முன் இறக்கிவிடுங்கள். இதைவிடக் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் விளிம்பில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். மாற்று டியூப் ஆளுக்கு இரண்டு, கைப்பம்பு ஒன்று, செயின் அறுந்தால் கோக்க இணைப்புக் கண்ணி ஒன்று கட்டாயம் வேண்டும். மேலே 29 அங்குல டியூப் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

தம்பிக்கு நல்ல பிசின் பேட் புதிதாகப் போட்டாலே போதும், ஆனால் இறக்கத்தில் பிடியை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். நேர்ச் சாலையில் காற்று தகட்டை ஆற்றும். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நின்று பிரேக்குக்கு ஓய்வு கொடுங்கள். நிற்கும்போது தகட்டை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். தண்ணீரும் ஊற்ற வேண்டாம், தகடு கோணிக்கொள்ளும். அடிவாரத்துக்குப் போகும் முன் கடைக்கு வந்தால் உள்பக்கப் பேடை நானே நெருக்கி வைத்துத் தருகிறேன். விடியலில் கிளம்புவதாக இருந்தால் முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் வாருங்கள்.